குடற் சத்திரசிகிச்சையும் விறைப்பு மருந்தும்



என் நெடுநாள் நண்பர் ஒருவர் பெருங்குடலில் உண்டான கட்டியொன்றை அகற்றுவதற்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அவரும் என்னைப் போலவே ஆசிரியத் தொழிலில் தலைநரைத்தவர். சத்திரசிகிச்சை நல்லபடியாகவே நிறைவேறியது. மறுநாட் காலையில் தாதி வந்து, "நோவு எவ்வளவு இருக்கிறது, ஐயா? பூச்சியத்திலிருந்து பத்து வரையில் ஓர் எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்டார். ஏழு என்று சொல்ல வேண்டியவர் இரண்டு என்று சொல்லிவிட்டார். நோவைப் பொறுப்பது ஆண்மை என்றும், முறையிடுவது பிறருக்குத் தொல்லை என்றும் அவர் கருதினார்.

விளைவு யாது? நோவுக்கு அஞ்சி அவர் இருமவில்லை; ஆழ்ந்து மூச்செடுக்கவில்லை; கட்டிலை விட்டு இறங்கி நடக்கவுமில்லை. நான்காம் நாள் நெஞ்சிலே சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரத்தில் வீடு திரும்ப வேண்டியவர் மூன்று வாரம் வைத்தியசாலையிலே கிடந்தார்.

உடல்நலம் தேறிய பின்னர் அவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். அப்பொழுது அவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். "மாஸ்டர், பல்லுப் பிடுங்கும்போது முரசிலே ஊசி போட்டு விறைக்கச் செய்கிறார்களே, அந்த மருந்தையே குடற் சத்திரசிகிச்சையின்போது நாளத்துக்குள் ஏற்றுகிறார்களாம். எனக்கும் அதை ஏற்றியிருந்தால் இவ்வளவு துன்பமும் வந்திராதல்லவா?"

நான் வைத்தியன் அல்லன், கலைப் பட்டதாரி. ஆகையால் உடனே விடை கூற என்னால் இயலவில்லை. எனினும் மாணாக்கன் ஒருவன் கேட்ட வினாவுக்கு விடை தெரியாதபோது தேடிக் கண்டு சொல்லுவது ஆசிரியனின் கடமை. அவ்வாறே இவ்வினாவுக்கும் விடை தேடினேன். தேடிக் கண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலிலே, குடற் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் இடர்ப்பாடு எத்தகையது என்று பார்ப்போம். பெருங்குடலின் அல்லது நேர்குடலின் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சிய முனைகளை இணைக்கும்போது வயிற்றிலே காயம் உண்டாகிறது. அதனால் நோவும் உண்டாகிறது. அதனோடு இன்னொன்றும் நிகழ்கிறது. இயல்பாக அலைபோல் அசைந்து உணவைத் தள்ளிக்கொண்டிருக்கும் குடல், மனிதரின் கைபட்டதும் அசைவற்றுச் சோர்ந்து போகிறது. வயிறு ஊதுகிறது, குமட்டலும் வாந்தியும் தோன்றுகின்றன, உணவு செல்லாது. குடல் விழித்துக்கொண்டது என்பதற்கு முதல் அறிகுறி நோயாளருக்கு வாயு பிரிவதே. நாம் நாகரிகம் கருதிப் பேசத் தயங்கும் அச்செய்தியைக் குடற் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் நற்செய்தியாக எதிர்பார்த்திருப்பார்கள்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. கடும் நோவைத் தணிப்பதிலே அபினிலிருந்து பெறப்படும் மோர்பினும் அதன் இனத்து மருந்துகளும் நெடுங்காலமாக முதலிடம் வகிக்கின்றன. ஆனால் அவை நோவைத் தணிப்பதோடு குடலின் அசைவையும் அடக்கிவிடுகின்றன. குமட்டலையும் மயக்கத்தையும் தருகின்றன. அளவு மிஞ்சினால் மூச்சையும் தளரச் செய்கின்றன. சோர்ந்திருக்கும் குடலை எழுப்ப வேண்டிய வேளையிலே அதற்குத் தாலாட்டுப் பாடும் மருந்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுக்காது விட்டாலோ, என் நண்பருக்கு நேர்ந்தது நேரும்.

இவ்விக்கட்டுக்கு ஒரு வழியாக, முதுகிலே முண்ணாணைச் சூழ்ந்த உறைக்கு வெளியே மெல்லிய குழாயொன்றைச் செருகி, அதன் வழியே விறைப்பு மருந்தைச் செலுத்தும் முறை கையாளப்பட்டது. வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைக்கு அது மிகுந்த பயன் தந்தது. ஆயினும் அதனால் இரத்த அழுத்தம் தாழக்கூடும், கால்கள் தளரக்கூடும், சிலருக்கு அம்முறை ஒவ்வாது. இதற்கிடையில் 1990 ஆம் ஆண்டுகளில் டென்மார்க் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்றிக் கெலெற் என்பார், நோயாளரை விரைவில் உண்ணச் செய்து, விரைவில் நடக்கச் செய்து, விரைவில் வீட்டுக்கு அனுப்பும் ஒழுங்குமுறையொன்றை வகுத்தார். சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் சத்திரசிகிச்சையும் பரவிற்று. முதுகிலே குழாய் செருகாமல், மோர்பினையும் குறைத்து, நோவைத் தணிக்கும் எளிய வழி உண்டா என்று வைத்தியர்கள் தேடலாயினர். அத்தேடலிலே அவர்களின் கண்ணில் பட்டவற்றுள் ஒன்றுதான் லிடோக்கெயின் என்னும் பழைய மருந்து.

இம்மருந்தின் பிறப்பு சுவையானது. 1930 ஆம் ஆண்டுகளில் சுவீடன் நாட்டின் இரசாயன அறிஞர் சிலர் பார்லிச் செடியிலுள்ள ஒரு பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அதைச் செயற்கையாக ஆக்க முயன்றபோது அதற்கு நெருங்கிய வேறொரு பொருள் உண்டாயிற்று. ஹோல்கர் ஏட்மன் என்பவர் அதை நாவிலே வைத்துச் சுவைத்துப் பார்த்தார். நாக்கு விறைத்துப் போயிற்று. அந்தத் தடயத்தைப் பற்றிக்கொண்டு பல பொருள்களை ஆக்கிப் பார்த்த நில்ஸ் லோவ்கிறென் என்பார், 1943 ஆம் ஆண்டில் லிடோக்கெயினை உருவாக்கினார். அவருடைய இளந்துணைவரான பெங்ற் லுண்ட்குவிஸ்ற் அதைத் தம் உடலிலேயே ஊசியேற்றிச் சோதித்தார். 1948 இல் சைலோக்கெயின் என்னும் பெயரோடு அது விற்பனைக்கு வந்தது. அன்றுமுதல் பல் வைத்தியரின் அறையிலும், காயத்துக்குத் தையல் போடும் இடத்திலும் அது நமக்குத் துணையாக இருந்து வருகிறது.

விறைப்பு மருந்து எவ்வாறு தொழிற்படுகிறது? நம் நரம்பு இழைகளின் சுவரிலே மிக நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவற்றின் வழியே சோடியம் அயன்கள் உள்ளே பாயும்போது மின் அலையொன்று எழுந்து நரம்பு நெடுக ஓடுகிறது. விரலிலே முள் குத்திய செய்தியை மூளைக்குக் கொண்டு செல்வது அவ்வலையே. லிடோக்கெயின் அவ்வாயில்களைத் தாழிட்டுவிடுகிறது. செய்தி ஓடாது, மூளை அறியாது. முரசிலே போட்ட ஊசி அவ்விடத்தை மட்டும் விறைக்கச் செய்வது இதனாலேதான்.

ஆனால் நாளத்தின் வழியே ஏற்றும்போது மருந்து இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவி மிகவும் ஐதாகிவிடுகிறது. நரம்பை முற்றாக விறைக்கச் செய்யும் வலிமை அப்போது அதற்கு இல்லை. நோயாளரின் கையோ காலோ வயிறோ விறைப்பதில்லை. அப்படியாயின் பயன் யாது? காயம்பட்ட இடத்தில் எழும் அழற்சியை அது குறைக்கிறது என்றும், நோவுச் செய்திகள் தொடர்ந்து வந்து மோதுவதால் முண்ணாணில் உண்டாகும் மிகைக் கிளர்ச்சியை அடக்குகிறது என்றும் அறிஞர் விளக்கம் கூறினர். நோவுக்காக லிடோக்கெயினை நாளத்தில் ஏற்றும் எண்ணம் புதிதுமன்று. சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் நோவுக்கு அதை இவ்வாறு பயன்படுத்தியது பற்றிய கட்டுரையொன்று 1961 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வைத்தியச் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும்போது அதைச் சீராக்குவதற்கும் இம்மருந்தை நாளத்தில் ஏற்றும் வழக்கம் உண்டு.

குடற் சத்திரசிகிச்சையிலே இதற்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்த ஆய்வுகளுள் ஒன்று பெல்ஜியம் நாட்டின் லியேஜ் நகரிலிருந்து 2007 இல் வெளிவந்தது. துளைவழிச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 40 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்கு லிடோக்கெயினும், மறுபகுதியினருக்கு வெறும் உப்புநீரும் ஏற்றினர். உப்புநீர் பெற்றவர்க்கு வாயு பிரிய ஏறத்தாழ 28 மணி நேரம் சென்றது. லிடோக்கெயின் பெற்றவர்க்கு 17 மணி நேரமே சென்றது. அவர்களுக்கு மோர்பின் இனத்து மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. முன்னவர் மூன்று நாளில் வீடு சென்றனர். பின்னவர் இரண்டு நாளில் சென்றனர். மலிவான மருந்து, எங்கும் கிடைக்கும் மருந்து, முதுகிலே குழாய் வேண்டாத முறை. வைத்திய உலகம் மகிழ்ந்ததிலே வியப்பில்லை. பல நாட்டு வைத்தியசாலைகள் இம்முறையை மேற்கொண்டன.

நேயர்களே, இவ்விடத்தில் ஒரு கணம் நிற்போம். நாற்பது பேர் என்பது ஒரு வகுப்பறையின் தொகை. ஒரு வகுப்பின் பெறுபேற்றைக் கொண்டு முழு நாட்டின் கல்வித் தரத்தை நாம் கணிப்பதில்லை. அவ்வகுப்பிலே தற்செயலாகக் கெட்டிக்காரர் சிலர் கூடியிருக்கலாம். ஆதலால் பற்பல சிறு ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்துப் பார்க்கும் பணியை கொக்ரேன் என்னும் அமைப்பினர் மேற்கொண்டனர். 2018 இல் வெளியான அவர்களது மதிப்பீடு, பலவகைச் சத்திரசிகிச்சைகள் பற்றிய 68 ஆய்வுகளை, ஏறத்தாழ 4,500 நோயாளரின் விவரங்களை, சீர்தூக்கிப் பார்த்தது. நோவு தணிவதிலும், குடல் விழிப்பதிலும், குமட்டல் குறைவதிலும் இம்மருந்தால் உண்மையான நன்மை உண்டு என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்பதே அதன் முடிவு. ஆய்வுகள் பலவாயினும் அவை ஒன்றோடொன்று முரண்பட்டன. பலவற்றின் தரமும் போதாதிருந்தது.

இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காகப் பிரித்தானியாவிலே பெரியதோர் ஆய்வு நடத்தப்பட்டது. அலெக்றோ என்பது அதன் பெயர். 2018 முதல் 2023 வரை 27 வைத்தியசாலைகளில், துளைவழிக் குடற் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 590 பேர் அதிலே சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு லிடோக்கெயின் ஆறு அல்லது பன்னிரண்டு மணி நேரம் ஏற்றப்பட்டது. மற்றவர்க்கு உப்புநீர் ஏற்றப்பட்டது. யாருக்கு எது என்பதை நோயாளரும் அறியார். அவரைக் கவனித்த வைத்தியரும் அறியார். நம் பரீட்சை விடைத்தாளிலே பெயர் எழுதாமல் சுட்டெண் மட்டும் எழுதச் செய்கிறோமே, அதன் நோக்கமும் இதுவே. புள்ளியிடுபவருக்கு மாணாக்கன் யாரென்று தெரிந்தால், அவரை அறியாமலே கை ஒரு பக்கம் சாயக்கூடும். மருந்திலே நம்பிக்கை வைத்த வைத்தியரின் கண்ணும் அவ்வாறு சாயக்கூடும் அன்றோ?

ஆய்வின் முடிவு 2025 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையிலே அச்சாயிற்று. மூன்று நாள் கழியுமுன் குமட்டலின்றி உணவு கொண்டு, வாயுவோ மலமோ பிரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார்கள். லிடோக்கெயின் பெற்றவர்களில் நூற்றுக்கு 57 பேர். உப்புநீர் பெற்றவர்களில் நூற்றுக்கு 59 பேர். அதாவது, வேறுபாடு இல்லை. நோவின் அளவிலும், மோர்பின் இனத்து மருந்தின் தேவையிலும், வைத்தியசாலையில் தங்கிய நாட்களிலும் கூடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இருபது ஆண்டுக் காலம் பலர் நம்பியிருந்த ஒன்று இவ்வாறு ஆட்டங்கண்டது. முன்னைய ஆய்வாளர் பொய் சொன்னார்கள் என்பது இதன் பொருளன்று. சிறு தொகையினரிடையே கண்ட வேறுபாடு பெருந்தொகையினரிடையே மறைந்துபோவது உண்டு. அத்துடன், இக்காலத்தில் காயங்கள் சிறிதாகிவிட்டன. நோயாளர் விரைவில் உண்ணவும் நடக்கவும் செய்கின்றனர். பிற வழிகளால் ஏற்கெனவே கிடைத்துவிட்ட நன்மைக்கு மேலே இம்மருந்து சேர்க்கக்கூடியது சிறிதே எனவும் கருத இடமுண்டு. இவ்வாய்வு துளைவழிச் சத்திரசிகிச்சையைப் பற்றியதே. வயிற்றை முற்றாகத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைக்கு இதே முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தலாகாது. மோர்பின் சற்றும் ஒவ்வாத நோயாளர் போன்ற சிலருக்கு லிடோக்கெயினைத் தெரிந்தெடுக்கும் நிபுணர் இன்னும் உளர். அது அவர்களின் தீர்ப்புக்கு உரியது.

பயன் ஐயத்துக்கு உரியதாயின், தீங்கைப் பற்றிக் கூடுதலாகச் சிந்திக்க வேண்டும். நரம்பின் வாயில்களைத் தாழிடும் மருந்து, இரத்தத்தில் அளவு மிஞ்சினால் மூளையின் வாயில்களையும் இதயத்தின் வாயில்களையும் தாழிட்டுவிடும். முதலில் உதட்டையும் நாவையும் சுற்றி விறுவிறுக்கும், வாயில் உலோகச் சுவை தோன்றும், காது இரையும், தலை கிறுகிறுக்கும். மேலும் கூடினால் தசைகள் துடிக்கும், வலிப்பு வரும், ஈற்றில் இதயமே நின்றுபோகவும் கூடும். நோயாளர் முழு மயக்கத்தில் இருக்கும்போதோ, நாக்கு விறுவிறுக்கிறது என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

ஆகவேதான் 2021 இல் பன்னாட்டு நிபுணர்கள் கூடி இம்முறைக்குக் கடுமையான வரம்புகளை வகுத்தார்கள். முதலில் ஏற்றும் அளவு, உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. அதையும் பத்து நிமிடங்களில் மெல்ல ஏற்ற வேண்டும். அதன்பின் மணிக்கு மணி அதே அளவுக்கு மேற்படலாகாது. அறுபது கிலோகிராம் நிறையுள்ளவருக்கு அது மணிக்கு 90 மில்லிகிராம் ஆகும். எவ்வளவு பருத்தவராயினும் மணிக்கு 120 மில்லிகிராமைத் தாண்டலாகாது. பருமனைக் கணக்கில் எடாது, உயரத்துக்கு ஏற்ற நிறையைக் கொண்டே கணிக்க வேண்டும். நாற்பது கிலோகிராமுக்குக் குறைந்த நிறையுள்ளவர்க்கு ஏற்றலாகாது. ஒரு நாளுக்கு மேல் தொடரலாகாது. காயத்தைச் சுற்றியோ வேறிடத்திலோ விறைப்பூசி போட்டிருந்தால், அதன் வலிமை நீங்கும் வரையில் இதைத் தொடலாகாது. இரண்டும் இரத்தத்தில் ஒன்றுகூடிவிடும். இதயத் துடிப்பை இடையறாது கண்காணிக்க வேண்டும். நஞ்சேறினால் அதை முறிக்கும் கொழுப்புக் குழம்பு மருந்து அருகிலேயே ஆயத்தமாக இருக்க வேண்டும். இம்மருந்தைச் சிதைத்து அகற்றுவது பெரும்பாலும் ஈரலே. ஆதலால் ஈரல் நோயுள்ளவர் விடயத்தில் தனிக் கவனம் தேவை. பல் வைத்தியரின் கையிலே சாதுவாக இருக்கும் மருந்து, நாளத்தினுள்ளே புகும்போது இத்தனை காவலோடு புக வேண்டியிருக்கிறது.

இனி, சத்திரசிகிச்சைக்குச் செல்லும் ஒருவர் செய்ய வேண்டியது யாது? முதலாவதாக, மயக்கமருந்து நிபுணர் முன்கூட்டியே வந்து விசாரிக்கும்போது எதையும் மறைக்கலாகாது. வலிப்பு நோய் உண்டா, இதயத் துடிப்பிலே கோளாறு உண்டா, ஈரல் நோய் உண்டா, முன்பு விறைப்பூசி போட்டபோது ஏதேனும் தீங்கு நேர்ந்ததா, நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகள் யாவை என்பவற்றை ஒழிவின்றிக் கூற வேண்டும். இரண்டாவதாக, "என் நோவை எவ்வாறு தணிக்கப் போகிறீர்கள்?" என்று பணிவாகக் கேட்கலாம். அது குற்றமன்று, கேட்பது நல்ல வைத்தியருக்கு உதவியாகவும் இருக்கும். மூன்றாவதாக, மருந்து ஏறிக்கொண்டிருக்கையில் வாய் விறுவிறுப்பதாகவோ காது இரைவதாகவோ உணர்ந்தால், சிறியதென்று விட்டுவிடாது உடனே சொல்ல வேண்டும். நான்காவதாக, நோவு எவ்வளவு என்று கேட்டால் உள்ளபடியே எண்ணைச் சொல்ல வேண்டும். படுத்திருக்கும்போது உள்ள நோவு வேறு. இருமும்போது உள்ள நோவு வேறு. இரண்டையும் சொல்ல வேண்டும். தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் காயத்தின் நோவு சற்றுக் குறையும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் அறிந்துகொண்ட பின்னர் மீண்டும் என் நண்பரிடம் சென்றேன். "உமக்கு லிடோக்கெயினை ஏற்றியிருந்தாலும் பெரிய வேறுபாடு இருந்திராது போலத் தோன்றுகிறது, மாஸ்டர்," என்றேன். "உமக்குக் கொடுக்க நோவு மருந்து அந்த விடுதியிலேயே இருந்தது. நீர் ஏழு என்று சொல்லியிருந்தால் தந்திருப்பார்கள்."

அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "நாற்பது வருடம் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லு, உண்மையைச் சொல்லு என்று சொன்னவன் நான். அந்தத் தாதிப் பிள்ளைக்கு நானே பொய் சொல்லிவிட்டேனே" என்றார்.

வெப்பத்தை அளக்கக் கருவி உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. நோவை அளப்பதற்கு நோயாளரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு நம்பத்தக்க கருவி இன்றளவும் இல்லை. 590 பேரைக் கொண்டு நடத்திய அந்தப் பெரிய ஆய்விலும் நோவு பற்றிய புள்ளிகள் நோயாளரின் வாய்மொழியாலே கிடைத்தவையே. உங்கள் வீட்டில் யாரேனும் சத்திரசிகிச்சைக்குச் செல்வாராயின், சிறப்பாக நோவைச் சொல்லாது அடக்கும் இயல்புள்ள முதியவர் ஒருவர் செல்வாராயின், புறப்படுமுன் இதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.